நலப் பொறுப்பாளர் காரிலேயே இருக்கிறார்

“அது ஒண்ணுமில்ல கோரல், ரேடியோல மழை எப்ப வரும்னு சொல்லிட்டிருந்தான். முழுசாக் கேட்டுட்டு இறங்கலாம்னு உக்காந்துட்டேன்,” என்றார் லின்ட்சே பாஸ்கோ, கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கி.

கோரல் எதுவும் கேட்கவில்லை. அவர் பள்ளி ஆபீஸைப் பார்த்துக்கொள்பவர். ஸ்டாஃப் ரூமுக்குப் பால் வாங்கிக்கொண்டு கார் நிறுத்தும் இடம் வழியாகப் போய்க்கொண்டிருந்தார். குட் மார்னிங் சொல்ல வாயைத் திறந்தார், அவ்வளவுதான்.

“மழை வருதாமா?” என்றார், சரி கேட்டுவைப்போமே என்று.

“சொல்லல.”

“முழுசாக் கேட்டேன்னு சொன்ன?”

“கேட்டேன். மழையப் பத்தி அவன் ஒண்ணும் சொல்லல.”

கோரல் பாலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். “சரி கண்ணு, பால் சூடாகுது, நான் போறேன்,” என்று சொல்லிவிட்டு நடந்தார். புல் மேல் உறைபனி உப்புக் கொட்டினாற்போல வெள்ளையாகக் கிடந்தது. பால் எப்படிச் சூடாகும் என்று லின்ட்சேயும் கேட்கவில்லை.

அதற்கு முந்தின நாள், டயரில் ஏதோ சத்தம் என்றார். அதற்கும் முன்னால், மூக்குக் கண்ணாடிக் கூட்டை சீட்டுக்கு அடியில் தேடுவதாகச் சொன்னார். கூடு அவர் மடியிலேயே இருந்தது. எல்லாமே கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில்கள். விஷயம் என்னவென்றால் லின்ட்சேயால் காரிலிருந்து இறங்க முடியவில்லை.

லின்ட்சே பிறந்தது பள்ளி இருக்கும் இதே பெருல்பின் ஊரில்தான், கோதுமை விவசாயி வீட்டில். ஆண் பிள்ளைகள் இரண்டு பேர். “நிலம் ஒருத்தனுக்குத்தான்டா சோறு போடும். நீ படிச்சிரு,” என்று அப்பா சொன்னார். அண்ணனுக்கு நிலம், தம்பிக்குப் புத்தகம். பாகப்பிரிவினை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்தது. லின்ட்சே பாலரட் நகரத்துக்குப் போய் வாத்தியார் படிப்பு படித்தார். ஊர்ப் பள்ளிக்கு ஆள் கிடைக்காததால், ஒரே ஒரு வருஷம் மட்டும் என்று சொல்லித் திரும்பி வந்தார். அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. தலைமுடி போய்விட்டது, வருஷம் போகவில்லை.

தான் பாடம் சொன்ன பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் இப்போது அவரே பாடம் சொல்கிறார். அப்பன் எந்தக் கணக்கில் தடுமாறினானோ மகனும் அதே கணக்கில் வந்து தடுமாறினான். நிலம் வாரிசுக்குப் போகிற மாதிரி இதுவும் போகிறது என்று லின்ட்சே பொறுமையாக இருந்தார். பொறுமைக்குப் பெயர் போனவர். அவர் குரலை உயர்த்தி ஊரில் யாரும் கேட்டதில்லை, தீயணைப்புப் பயிற்சியில்கூட “நெருப்பு” என்று மெதுவாகத்தான் சொன்னார்.

இறங்க முடியாமல் போனது குளிர்கால டெர்மின் முதல் வாரத்தில். காரை நிறுத்தினார், பெல்ட்டைக் கழற்றினார், கதவுப் பிடியில் கையை வைத்தார். கை அங்கேயே இருந்துவிட்டது. வலி இல்லை, மயக்கம் இல்லை. பிறந்த பிள்ளை நம் விரலைப் பிடித்துக்கொண்டால் நாம் அசைவோமா? ஊர் அழிந்தாலும் அப்படியே உட்கார்ந்திருப்போம். அந்த மாதிரி ஏதோ ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. பிள்ளை பிடித்தால் சுகமாக இருக்கும். இது சுகமாக இல்லை.

காரணம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் அவரால் காட்ட முடியாது. ஒரு டீச்சர் ஊரை விட்டுப் போனதில் இரண்டு வகுப்பு மூன்றாகி அவர் அறைக்கே வந்தது. ஒரு பையன் நாற்காலியை எறிவான். அவனை லின்ட்சேக்கு ரொம்பப் பிடிக்கும், நாற்காலி வரும்போது குனியத்தான் வேண்டும். என் மகளுக்கு நாடகத்தில் ஏன் மரம் வேஷம் என்று ஒரு தாய் ஒவ்வொரு சாயங்காலமும் மெயில் அனுப்புவாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மைதானக் காவல் முறை வரும். சாண்ட்விச்சை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் சண்டை விலக்க வேண்டும். எல்லாம் தூசிதான். தூசி சேர்ந்தால் மூட்டை. அவர் அதை முட்டி வலி என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார்.

மணி அடித்தால் மட்டும் இறங்கிவிடுவார். அத்தனை வருஷப் பழக்கம், மணிச் சத்தம் காதில் விழுந்தால் கால் தானாக எழுந்து நடக்கும். அதனால் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியவில்லை. மணிக்கு முன்னால் நடக்கிற காரியங்களுக்குத்தான் அவரால் போக முடியவில்லை. ஒரு திங்கட்கிழமை ஊழியர் மீட்டிங் மணிக்கு முன்னால் இருந்தது.

இங்கே பெருல்பினின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கூட்டத்துக்கு யார் வரவில்லையோ பொறுப்பு அவர் தலையில். கால்பந்துக் கிளப்பின் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் ஆஸ்பத்திரியில் பித்தப்பையை எடுத்துக்கொண்டிருந்தார். தீயணைப்புப் படையின் தலைவனைத் தேர்ந்தெடுத்தபோது அவன் தேனிலவில் இருந்தான். வந்து இறங்கிய அன்றே ஒரு வைக்கோல் போர் எரிந்தது, போய் அணைத்தான், குறை சொல்லவில்லை. மலர்க் கண்காட்சிக் கமிட்டிக்குச் செயலாளராக ஒரு அம்மாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் காலமான செய்தி கூட்டத்துக்கு வந்து சேரச் சற்றுத் தாமதம். அந்த வருஷம் கண்காட்சி நன்றாகவே நடந்தது.

இதற்கு ஒரே ஒரு தர்மம் உண்டு. வாசல்வரை வந்துவிட்டவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அது அநியாயம். வந்தது தெரிந்தால் தேர்வு செல்லாது.

ஒவ்வொரு பள்ளியும் ஊழியர்களின் நலனைப் பார்க்க ஒருவரை நியமிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஊழியர்களுக்கு மன அழுத்தம் அதிகமாகிவிட்டதாம். பிரின்சிபால் ஜெனீன் கௌலிங் அதைப் படித்துச் சொல்லிவிட்டு, “யார் எடுத்துக்கறீங்க?” என்று கேட்டார். எல்லோரும் அவரவர் டீக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

“லின்ட்சே வரலையா?” என்றார் ஜெனீன்.

“வரல.”

“அப்ப லின்ட்சே.”

எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒரு கையில் பிஸ்கட் இருந்தது. காருக்குள்ளிருந்து ஸ்டாஃப் ரூம் ஜன்னல் நன்றாகத் தெரியும். இத்தனை பேர் ஒரே மனதாகக் கை தூக்குகிறார்களே, ஏதோ நல்ல காரியம் போலிருக்கிறது என்று லின்ட்சே நினைத்துக்கொண்டார்.

மணி அடித்து உள்ளே போனதும் கோரல்தான் சொன்னார். “வாழ்த்துக்கள் கண்ணு. இனிமே எங்க நிம்மதியெல்லாம் உன் பொறுப்பு.”

“நானா?”

“நீதான் வரலியே.”

நான் வந்தேன், வாசலில்தான் இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். ஆனால் பிறகு ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைவிடப் பொறுப்பு லேசாகத் தெரிந்தது. “சரி,” என்றார் லின்ட்சே.

எடுத்த காரியத்தை அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை அவர். “மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள்” என்று அழகான எழுத்தில் எழுதி ஊழியர் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டினார். அங்கேதான் எல்லோரும் சற்று உட்காருகிறார்கள் என்பது அவர் கணக்கு. அந்த இடத்தில் மூச்சை ஆழமாக இழுக்க யாரும் பிரியப்படவில்லை. மதிய நடை என்று ஒன்றை ஆரம்பித்தார். மைதானக் காவல் இல்லாத ஒரே ஒருவர் வந்தார், அவரையும் மேக்பை என்கிற பறவை துரத்திக் கொத்தியது. மீட்டிங்குகள் அதிகமாகிவிட்டன என்ற புகாரை விசாரிக்க ஒரு மீட்டிங் போட்டார். அது இருட்டும்வரை நடந்தது.

பக்கத்து ஊரிலிருந்து ஒரு யோகா அம்மாளையும் வரவழைத்தார். எல்லோரும் நூலகத் தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினார்கள். சின்னப் பிள்ளைகள் வகுப்பு எடுக்கும் கெர்ரின் அப்படியே தூங்கிப்போய், பிள்ளைகளை பஸ் ஏற்றிவிடும் நேரத்தில்கூட எழுப்ப முடியவில்லை. இது வெற்றியா தோல்வியா என்று கமிட்டியால் முடிவு செய்ய முடியவில்லை. கமிட்டி என்பது லின்ட்சேதான்.

ஒன்றே ஒன்று பலித்தது, அது அவர் திட்டத்திலேயே இல்லை. பிரசவ விடுப்பில் இருந்த டீச்சர் ஒருத்தி தன் பாப்பாவைக் காட்ட வந்தாள். ஃபெர்ன் என்று பெயர். உள்ளங்கை அளவு முகம், அதில் ஒரு கொட்டாவி வந்தது பாருங்கள், ஸ்டாஃப் ரூமே வாயைப் பிளந்தது. கைக்குக் கை மாறியது. யார் கையில் போனாலும் அவர்கள் தோள் தானாக இறங்கியது, குரல் தானாகத் தணிந்தது. விளையாட்டு வாத்தியார் அதன் உச்சந்தலையை முகர்ந்துவிட்டு, ஏதோ பெரிய உண்மை தெரிந்தவர் மாதிரி ஜன்னல் பக்கம் போய் நின்றார். லின்ட்சேயின் முறை வந்தபோது ஃபெர்ன் அவர் சட்டையில் பால் கக்கியது. அந்த டெர்மிலேயே அவருக்கு நன்றாக இருந்த அரை மணி நேரம் அதுதான். பிறகு தாய் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பாப்பாவைத் தினமும் வரவழைக்க மேலிடத்து உத்தரவில் வழி இல்லை.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை கெர்ரின் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

“கண்ணாடிக் கூட்டைத்தான்…” என்று ஆரம்பித்தார் லின்ட்சே.

அதற்குள் அவள் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். “தினமும் நீங்க இங்க உக்காந்திருக்கறதப் பாத்தேன். யாராவது வருவாங்களான்னுதானே இருக்கீங்க? உள்ள எல்லார் முன்னாடியும் பேச முடியாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க.”

“ம்,” என்றார் லின்ட்சே.

“கனவுலயும் ஷூ லேஸ் கட்டறேன் லின்ட்சே. நேத்து தூக்கத்துல என் புருஷன் காலக் கட்டிட்டேன்.”

“முடிச்சு?”

“ரெட்டை முடிச்சு. காலைல அவர் விழுந்துட்டார்.”

“ம்.”

கெர்ரின் சிரித்தாள், நடுவில் அழுதாள், மறுபடி சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ரொம்ப லேசா இருக்கு,” என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து காலைக் கீழே வைத்துப் போயே போய்விட்டாள். எவ்வளவு சுலபமாக இறங்குகிறாள் என்று லின்ட்சே பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவள் போய் மற்றவர்களிடம் சொன்னாள். அடுத்த நாள் ஒருவர், அதற்கடுத்து இருவர். விளையாட்டு வாத்தியார் வந்து ஒன்றும் பேசாமல் கறி அடைத்த பேஸ்ட்ரி ஒன்றை முழுவதும் தின்றுவிட்டு, “நல்லா இருந்துச்சு, நன்றி,” என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார். லின்ட்சே எல்லோருக்கும் “ம்” என்றுதான் சொன்னார். வேறு சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. இவரை மாதிரிக் காது கொடுத்துக் கேட்கிற மனிதர் உண்டா என்று பேச்சாகிவிட்டது.

கோரல் காருக்கே டீ கொண்டுவந்து கொடுத்தார். “பிஷப் மாதிரி உக்காந்திருக்க. பாவமன்னிப்புக் கூண்டு ஒண்ணுதான் குறைச்சல்.”

“நீயும் ஏறி உக்காரு கோரல்.”

“எனக்கு எதுக்கு? நான் கெட்ட வார்த்தை பேசுவேன், எனக்கு அதுலயே எல்லாம் போயிரும்.”

பிரின்சிபால் ஜெனீன் இதைக் “கார் நேரம்” என்று பெயர் வைத்துப் பள்ளிச் செய்தி மடலில் போட்டார். வட்டாரக் கல்வி ஆபீஸுக்குத் தகவல் போனது. மற்றப் பள்ளிகளிலும் இதைக் கொண்டுவரலாமா என்று பார்க்க மால்கம் என்ற அதிகாரி வருகிறார் என்றார்கள். வட்டாரம் முழுக்க ஒவ்வொரு பள்ளி வாசலிலும் ஒருவர் காரில் உட்கார்ந்திருப்பதை லின்ட்சே நினைத்துப் பார்த்தார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதற்குள் அது மற்ற இடங்களுக்கும் பரவிவிட்டது. சனிக்கிழமை கால்பந்தைக் காருக்குள் இருந்தே பார்த்தார். பெருல்பினில் மைதானத்தைச் சுற்றிக் காரை நிறுத்தி, உள்ளே இருந்து ஹார்ன் அடித்துத்தான் பாதி ஊர் ஆட்டம் பார்க்கும், அதனால் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்து வீட்டுக் கொட்டகையில் காரை நிறுத்திய பிறகும் அவர் உட்கார்ந்திருந்தார். மனைவி மார்கோ வந்து வாசலில் நின்றார்.

“சாப்ஸ் ஆறுது லின்ட்சே.”

“கிளட்ச் ஒரு மாதிரி இருக்கு. பாத்துட்டிருக்கேன்.”

“இது ஆட்டோமேட்டிக் வண்டி.”

“அதான் பாக்கறேன்.”

மார்கோ தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடுகிறவர். எதில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், பேச்சை வளர்க்க மாட்டார். “முட்டியவாவது டாக்டர்ட்ட காட்டு. முட்டிதான்னா,” என்று மட்டும் சொன்னார். போகும்போது கொட்டகை விளக்கைப் போட்டுவிட்டுப் போனார்.

மால்கம் வருகிற வெள்ளிக்கிழமை வந்தது. அங்கே குளிர்காலம் முடிகிற செப்டம்பர் பிறந்து வெயில் வந்துவிட்டது, பிள்ளைகள் தொப்பி போட ஆரம்பித்திருந்தார்கள். லின்ட்சே வழக்கமான இடத்தில் காரை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கதவு திறந்தது. ஏறி உட்கார்ந்தது பிரின்சிபால் ஜெனீன்.

“மால்கம் வர்றதுக்கு முன்னாடி ஏதாவது சொல்லணுமா?” என்றார் லின்ட்சே.

“இல்ல. நான் எனக்காக வந்தேன். உக்காரலாமா?”

“உக்காந்துட்டீங்களே.”

ஜெனீன் கைப்பையை மடியில் வைத்து அதன் வாரை முறுக்கினார். நேராக முன்னால் இருந்த சைக்கிள் நிறுத்தத்தைப் பார்த்தபடி பேசினார். “எல்லாரும் இங்க வந்துட்டுப் போறப்ப முகம் தெளிஞ்சு போறாங்க. நான் ஜன்னல்ல நின்னு பாப்பேன். பிரின்சிபால் வந்து வரிசைல நின்னா நல்லாவா இருக்கும்னு பேசாம இருந்துட்டேன்.”

“ம்.”

“காலைல பல் தேய்க்கும்போதே கை நடுங்குது. இங்க இருக்கற ஒவ்வொரு பிள்ளை பேரும் சரியாச் சொல்லுவேன், வீட்டுல என் சொந்தப் பசங்க பேரு மாறிப் போகுது. பெரியவன் நேத்து, ‘அம்மா, நான் யாருன்னு எழுதி ஒட்டிக்கட்டா?’ன்னு கேக்கறான். கிண்டலாத்தான் கேட்டான்.”

“ம்.”

“இந்த வருஷத்தோட நான் போறேன் லின்ட்சே. இன்னிக்கு மால்கம்கிட்ட சொல்லிருவேன். ஆனா போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். இந்தப் பள்ளிக்கூடத்துல சரியா நடக்கறது ஒரே ஒரு விஷயம்தான், அது இந்தக் கார். ஒருத்தராவது கலங்காம உக்காந்திருக்காரேன்னுதான் இந்த டெர்ம நான் ஓட்டினேன்.”

இன்னொரு “ம்” சொல்வது லின்ட்சேக்கு ஒன்றும் கஷ்டமில்லை. அது வாய்வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் இந்தப் பெண் தான் ஒருத்திதான் உடைந்துபோனவள் என்று நினைத்துக்கொண்டே ஊரைவிட்டுப் போவாள். சொல்லாவிட்டால் அவள் சாய்ந்திருந்த ஒரே தூணும் போகும். அவருக்கும் பெயர், மரியாதை, வேலை எல்லாம் என்னவாகுமோ தெரியாது.

“ஜெனீன், என்னால இறங்க முடியல. அதான் உக்காந்திருக்கேன்.”

“தெரியுமே. எங்களையெல்லாம் விட்டுட்டு இறங்க உங்களுக்கு மனசு வராது.”

“மனசு இல்ல, கால்.”

“முட்டியா?”

“முட்டின்னுதான் வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். முட்டிக்கு ஒண்ணும் இல்ல, கல்லு மாதிரி உறுதியா இருக்கு.”

ஜெனீன் சிரித்தார். “அடக்கம் உங்களுக்கு ரொம்ப ஜாஸ்தி.”

உண்மையைச் சொல்வது கஷ்டம் என்றுதான் லின்ட்சே நினைத்திருந்தார். சொன்ன பிறகு நம்ப வைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. “அந்தத் திங்கக்கிழமை மீட்டிங்குக்கு நான் வந்திருந்தேன்,” என்றார். “இதே இடத்துல இருந்தேன். நீங்கள்லாம் கை தூக்கினத இங்கிருந்து பாத்தேன். ஒரு கையில பிஸ்கட் இருந்துச்சு.”

ஜெனீனின் சிரிப்பு ஒவ்வொரு விளக்காக அணைப்பது போல அணைந்தது. “வாசல்ல இருந்தீங்களா? அப்ப அந்தத் தேர்வே செல்லாதே.”

“செல்லாது.”

“ஏன் சொல்லல?”

“ஏன் உள்ள வரலன்னு கேப்பீங்கல்ல.”

ஜெனீன் சைக்கிள் நிறுத்தத்திலிருந்து கண்ணை எடுத்து அவர் பக்கம் திரும்பினார்.

“இதுவரைக்கும் எல்லாரும் உங்ககிட்ட…”

“யாரயும் நான் கூப்பிடல. கதவத் திறந்தாங்க, உக்காந்தாங்க. மணி அடிச்சா மட்டும் இறங்கிருவேன், பாருங்க இப்ப.”

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். லின்ட்சே கதவுப் பிடியில் கையை வைத்தார். நாற்காலி எறிகிறவன் வரிசையின் முன்னால் நின்று கார்ப் பக்கம் எட்டிப் பார்த்தான். மணி நின்றது. லின்ட்சேயின் கை பிடிமேல் இருந்தது, கால் பெடல் பக்கத்தில் இருந்தது, இரண்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்கள் மாதிரி அசையாமல் இருந்தன.

ஜெனீன் அந்தக் கையைப் பார்த்தார். ஆழமாக மூச்சு விடுங்கள் என்று சொல்ல நினைத்திருப்பார், கழிப்பறைக் கதவு ஞாபகம் வந்திருக்கும், சொல்லவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரும் இறங்காமல் இருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு சுத்தமான வெள்ளைக் கார் வந்து பக்கத்தில் நின்றது. கோதுமைப் பூமியில் அவ்வளவு வெள்ளையாக இருக்கும் கார் என்றால் அது வட்டார ஆபீஸ் கார்தான். மால்கம் இறங்கினார். ஒரு தகரப் பெட்டி நிறைய பிஸ்கட் வைத்திருந்தார். காருக்குள் இருவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“அடடா, நடந்துட்டிருக்கும்போதே வந்துட்டேனா! இருங்க இருங்க, எந்திரிக்காதீங்க,” என்று குனிந்து கண்ணாடியில் முகத்தை வைத்தார். “லின்ட்சேதானே? உங்களப் பத்தித்தான் ஆபீஸ் முழுக்கப் பேச்சு. சொல்லுங்க, இது எப்படி ஆரம்பிச்சுது? யாரோட யோசனை?”

ஜெனீன் வாயைத் திறந்தார், ஏதாவது சொல்லி மூடிவிடலாம் என்று. லின்ட்சே முந்திக்கொண்டார்.

“யோசனை இல்லைங்க. குளிர்காலத்துல ஒரு நாள் வந்து நிறுத்தினேன், இறங்க முடியல. இன்னிக்கு மணி அடிச்சும் முடியல. இத மத்தப் பள்ளிக்கூடத்துல வைக்காதீங்க.”

“ஓ,” என்றார் மால்கம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை “ஓ” என்றார். பிஸ்கட் பெட்டியை நீட்டலாமா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் நீட்டினார். லின்ட்சே ஒன்று எடுத்துக்கொண்டார், மரியாதைக்கு.

“ஜெனீன்,” என்றார், பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே. “நான் டாக்டர்ட்ட போகணும். வண்டி நான் ஓட்டுவேன், ஓட்டறதுல ஒண்ணும் இல்ல. அங்க போயி இறங்கறதுக்குத்தான் ஒரு ஆள் வேணும்.”

அந்த மனிதர் யாரிடமும் எதையும் கேட்டு ஜெனீன் பார்த்ததில்லை. பென்சில் சீவி வேண்டுமென்றால்கூடத் தானே வாங்கிவருவார். ஜெனீன் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். பிறகு லின்ட்சேயைத் தாண்டிக் குனிந்து, “மால்கம், நீங்க முன்னாடி பாடம் எடுத்தவர்தானே?” என்று கேட்டார்.

“அது ஆச்சு ரொம்ப வருஷம்.”

“மூணு வகுப்பு, ஒரே அறை. இன்னிக்குப் பின்னக் கணக்கு. யாராவது நாற்காலியத் தூக்கினா குனிஞ்சுக்குங்க, அவன் நல்ல பையன்.”

மால்கம் பெட்டியுடன் நின்றார். வரிசையைப் பார்க்க வந்த கோரல் காரையும் பார்த்தார், உள்ளே இருந்த இருவரையும் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. மால்கமின் முழங்கையைப் பிடித்தார். “வாங்க கண்ணு, தொப்பி ஒண்ணு தர்றேன் போட்டுக்குங்க, இந்த நேரத்துல மேக்பை கொத்தும். பிஸ்கட்ட எங்கிட்ட குடுங்க, அது உங்களுக்குப் பாரம்.”

லின்ட்சே காரைப் பின்னால் எடுத்தார். பிள்ளைகள் கையசைத்தார்கள். பாஸ்கோ சார் காலையிலேயே எங்கோ போவதை அவர்கள் பார்த்ததே இல்லை. பள்ளி வாசலைத் தாண்டி, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, கார் தானியக் கிடங்குப் பக்கம் வந்தது. எடை மேடையில் நின்ற மார்கோ கணவனின் கார் தப்பான நேரத்தில், தப்பான திசையில், பிரின்சிபாலோடு போவதைப் பார்த்தார். கையைத் தூக்கி, போ போ என்று காட்டினார்.

ஜெனீன் மடியில் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்திருந்தார். நடுக்கம் வெளியே தெரியக் கூடாது என்று பிடித்த பிடி. லின்ட்சே சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“டாக்டர உங்களையும் பாக்கச் சொல்லிரலாம் ஜெனீன். ஒரே பெட்ரோல்தானே.”